போக்கும் வரத்தும் மூச்சும்

(வீரசோழனில் நிகழ்ந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரச் சாலைகளின் நெரிசலைப் பற்றியும் அதனால் கெடும் காற்றைப் பற்றியும் நான் பேசுவேன் என்று தலைவர் அறிவித்தபொழுது உங்களுட் சிலர் முறுவலித்ததைக் கண்டேன். அம்முறுவல் முறையானதே. சந்தை நாளில் ஆடுகள் சாலையை மறித்து நிற்பதைத் தவிர வேறொரு நெரிசலை இவ்வூர் கண்டதில்லை. ஒரு பேருந்தை விட்டுவிட்டால் அடுத்ததற்கு மரத்தடியில் நெடுநேரம் காத்திருக்கும் ஊரில், வண்டிகள் பெருத்துவிட்டன என ஒருவன் வந்து முறையிடுவது, வற்றிய கண்மாயின் கரையில் நின்றுகொண்டு வெள்ளம் வருமென்று கூவுவதைப் போன்றதுதான்.

ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். வானம் பொய்த்த ஆண்டுகளில் இத்திருச்சுழி வட்டத்தினின்றும் அருப்புக்கோட்டைச் சுற்றூர்களினின்றும் பெயர்ந்து சென்ற நம் மக்கள் இன்று எங்கே உள்ளனர்? மதுரையிலும் சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் உள்ளனர். அங்கும் அவர்கள் குளிரூட்டிய அறைக்குள் இருந்து பிழைக்கவில்லை. சாலையில் நின்று பிழைக்கின்றனர். சரக்குந்து ஓட்டுகின்றனர், தானி ஓட்டுகின்றனர், நடைவழியில் பழம் பரப்பி விற்கின்றனர், தெருக் கூட்டுகின்றனர், காவலர் உடையணிந்து நாற்சந்தியின் நடுவே வெயிலில் நிற்கின்றனர். நகரத்துப் புகையை முதலில் உண்பவர்கள் அவர்களே. பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளை பையில் துணி கொண்டு வருகிறான், பணம் கொண்டு வருகிறான். நெஞ்சுக்குள் என்ன கொண்டு வருகிறான் என்பதை நாம் கேட்பதில்லை.

மற்றுமொன்று. நகரம் செய்யும் கேடு நகரத்தோடு நின்றுவிடாது என்பதை நம்மினும் நன்கு அறிந்தார் யார்? மதுரையின் ஊடே ஓடும் கிருதுமால், நரிக்குடி வட்டாரத்துக் கண்மாய்களுக்கு நீரூட்டிய ஆறு. அந்நகரத்துக்குள் அஃது இன்று சாக்கடையாய்க் கிடக்கிறது. மேலே உள்ளவன் கலக்கினால் கீழே உள்ளவன் குடிக்க வேண்டும். நீருக்காவது மேலும் கீழும் உண்டு. காற்றுக்கு அதுவும் இல்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். நான் தமிழாசிரியன் ஆகையால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'போக்குவரத்து' என்கிறோம். எவ்வளவு தெளிவான சொல்! போதலும் வருதலும் என்பதே அதன் பொருள். 'வரத்து' என்பது நம் கரிசற்காட்டு உழவர்க்குப் பாடம் சொல்லித் தர வேண்டாத சொல். நீர்வரத்து என்கிறோம், வரத்துக்கால் என்கிறோம். நீர் வந்தால்தான் அது வரத்து. வெறுங்கால் வெட்டி வைத்திருப்பது வரத்தன்று. அவ்வாறே மாந்தர் போவதும் வருவதுமே போக்குவரத்து. அச்சொல்லுக்குள் வண்டி என்னும் பொருள் எங்கும் இல்லை. ஆனால் நம் நகரங்களில் சாலைக்குத் திட்டமிடுவோர் எதை எண்ணுகிறார்கள்? ஒரு மணி நேரத்தில் எத்தனை மாந்தர் கடந்தனர் என்று எண்ணுவதில்லை. எத்தனை வண்டிகள் கடந்தன என்றே எண்ணுகிறார்கள். ஒருவனை மட்டும் சுமந்து செல்லும் மகிழுந்தும் ஒரு வண்டி. அறுபது பேரைச் சுமந்து செல்லும் பேருந்தும் ஒரு வண்டி. இரண்டு மூன்று மகிழுந்துகள் நிற்கும் இடத்தில் ஒரு பேருந்து நின்றுவிடும். ஆயினும் பேருந்துதான் வழியை அடைக்கிறது என்று மகிழுந்துக்காரர் சினக்கிறார்! எண்ணும் முறை கோணினால் எண்ணி வரும் விடையும் கோணுகிறது. இன்றைய நகரச் சாலைகளின் நோய் முழுவதும் இவ்வொரு கோணலிலிருந்து முளைத்ததே என்பது என் கருத்து.

புகை நமக்குப் புதியதன்று. சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் ஊர்கள் இவ்வட்டாரத்தில் எத்தனை! மூட்டம் போட்டவன் காற்றடிக்கும் திசை பார்த்து நிற்பான். கண் எரிந்தால் விலகுவான். கண்ணுக்குத் தெரியும் புகைக்கு மாந்தன் அஞ்சுகிறான். ஆனால் உந்துகள் கக்கும் நஞ்சிற் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டரை மைக்கிரோமீட்டருக்குக் குறைந்த பருமனுடைய நுண்தூள் ஒன்று அதில் உண்டு. நம் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதிலொரு கூறுதான் அதன் அளவு. மூக்கிலுள்ள மயிரும் சளியும் பெருந்தூளைத் தடுத்துவிடும், இதனைத் தடுக்கமாட்டா. நேரே நுரையீரலின் அடிக்கிளைக்குச் சென்று தங்கும். அங்கிருந்து குருதியிலும் கலக்கும். ஆகையால்தான் கெட்ட காற்றினால் வருவது இருமலும் ஈளையும் மட்டுமல்ல. நெஞ்சடைப்பும் மூளைக் குருதிக்குழாய் அடைப்பும் அதனால் வருகின்றன. டீசல் உந்தின் புகை புற்றுநோய் உண்டாக்குவதே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-இல் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. வெளிக்காற்றின் மாசினால் உலகெங்கும் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 42 இலக்கம் பேர் காலத்துக்கு முன்பே மாண்டனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

அந்நுண்தூள் ஆண்டு முழுமைக்கும் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2021-இல் அந்நிறுவனம் வரையறுத்தது. இந்திய அரசு 2009-இல் வகுத்த எல்லை 40. எட்டு மடங்கு! நம் நெஞ்சு மற்ற நாட்டார் நெஞ்சினும் எட்டு மடங்கு வலியது என்று யார் கண்டுபிடித்தாரோ அறியேன்.

காற்றுக் கெட்ட நகரங்களைத் திருத்துவதற்கென ஒன்றிய அரசு 2019 சனவரியில் ஒரு திட்டம் வகுத்தது. அதன் தொடக்கப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற நகரம் தூத்துக்குடி. பின்னர்ச் சென்னையும் மதுரையும் திருச்சியும் சேர்ந்தன. தூத்துக்குடிக்கு ஆலைகளும் துறைமுகமும் காரணியங்களாக உள்ளன. உந்து மட்டுமே அன்று. ஆனால் ஒன்றைக் கருதுங்கள். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் நடுவே உள்ள ஊர் எது? நம் அருப்புக்கோட்டை. துறைமுகத்துப் பெட்டிகளைச் சுமந்த சரக்குந்துகள் இரவும் பகலும் நம் பக்கமாகவே போகின்றன.

இப்பொழுது இதன் அறத்தைப் பேசுவோம். சாலையில் புகை உண்டாக்குபவன் ஒருவன். அதனை உட்கொள்பவன் வேறொருவன். மகிழுந்தில் செல்பவர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அச்சாலையில் இருப்பார். நடைவழியில் பூக்கட்டும் அம்மா பத்து மணி நேரம் இருப்பார். அவர் ஒரு சொட்டுக் கன்னெயும் எரித்ததில்லை. பேருந்துக்கு நிற்பவர், மிதிவண்டியில் செல்பவர், பள்ளிக்கு நடக்கும் குழந்தை ஆகியோர் காற்றைக் கெடுக்காதவர்கள். கெட்டதை மிகுதியாய் மூச்சில் இழுப்பவர்களும் அவர்களே. குழந்தையின் முகமோ புகைக்குழலின் உயரத்துக்கு அண்மையில் உள்ளது. சாலையினின்று சில நூறு மீட்டர் விலகினால் இந்நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் விலகி வீடு கட்ட இயன்றவர் யார்? சாலையோரக் குடிசையில் இருப்பவருக்கு அவ்விடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை இருந்ததா?

இலண்டன் மாநகரில் நெரிசல் மிக்க வட்டச்சாலை ஒன்றன் அருகே எல்லா கிசி-தெபுரா என்னும் சிறுமி வாழ்ந்தாள். கடுமையான ஈளையால் மூன்றாண்டுகள் துன்புற்று, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, 2013 பிப்பிரவரியில் ஒன்பது அகவையில் இறந்தாள். மூச்சுத் திணறி இறந்தாள் என்று முதலில் எழுதி முடித்துவிட்டார்கள். பெற்ற தாய் விடவில்லை. ஏன் திணறியது என்று கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். மறு உசாவல் நடந்தது. 2020 திசம்பரில், காற்று மாசும் அச்சாவுக்குக் காரணியம் என்று உசாவல் அலுவலர் தீர்ப்பளித்தார். அந்நாட்டில் ஒருவரது சாவுக்குக் காற்று மாசு காரணியம் என எழுதப்பெற்றது அதுவே முதன்முறை. நம் நாட்டுச் சாவுச் சான்றுகளில் அவ்வாறு எழுதுவாரில்லை. நெஞ்சடைப்பு என்று எழுதுவர், இளைப்பு என்று எழுதுவர். எழுதாமையால் அது நிகழவில்லை என்றாகிவிடுமா?

மருந்து என்ன? 'நல்ல எரிபொருள் ஊற்றினால் போதும்' என்பார் ஒருசாரார். அதில் உண்மை உண்டு. கன்னெயில் ஈயம் கலக்கும் கொடுமை 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த நஞ்சு ஒன்று அதனால் ஒழிந்தது. 2020 ஏப்பிரல் முதல் புதிய உந்துகளுக்குக் கடுமையான புகை வரம்பு வந்தது. இவையெல்லாம் வரவேற்கத் தக்கனவே. ஆனால் தில்லியின் கதையைக் கேளுங்கள். நகரப் பேருந்துகள் அனைத்தும் டீசலை விட்டு எரிவளிக்கு மாற வேண்டுமென நாட்டின் உச்ச வழக்குமன்றம் 1998-இல் ஆணையிட்டது. முணுமுணுப்பும் எதிர்ப்பும் காலங்கடத்தலும் கடந்து 2002-இன் முடிவில் அது நிறைவேறியது. சில ஆண்டுகள் காற்றுத் தெளிந்தது. பிறகு? தெளிந்த காற்றை மகிழுந்துகளும் ஈருருளி உந்துகளும் பெருகிப் பெருகி மீண்டும் கெடுத்தன. ஒவ்வோர் உந்தும் கக்கும் புகை குறைந்தது. உந்துகளின் தொகை கூடியது. கூட்டிப் பார்த்தால் வரவு செலவு பழையபடியே. 2016 சனவரியில் பதினைந்து நாள்கள் ஒற்றையெண் வண்டி ஒருநாள், இரட்டையெண் வண்டி மறுநாள் என்று முறை வைத்தார்கள். ஈருருளி உந்துகளை அதனின்று விலக்கிவிட்டார்கள். வேலியில் பெரிய வாயிலை அடைத்து இடுக்கு முழுவதையும் திறந்து வைத்தாற் போலாயிற்று. தில்லிக் காற்றுக்கு உந்து மட்டும் பகையன்று. வயல் தாள் எரிப்பும் கட்டடத் தூளும் ஆலையும் உண்டு. ஆயினும் எரிபொருளை மட்டும் மாற்றி எண்ணிக்கையைக் கட்டவிழ்த்துவிட்டால் என்னவாகும் என்பதற்கு அந்நகரம் சான்று.

மின்னுந்து வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் இப்பொழுது மிகுந்துள்ளனர். மின்னுந்துக்குப் புகைக்குழல் இல்லை, அது பெரும்பேறு. சென்னையில் 2025 சூனில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் நல்லதே. ஆனால் உருளை தேய்ந்து எழும் தூளும், தடையைப் பிடிக்கும்பொழுது உதிரும் தூளும் மின்னுந்துக்கும் உண்டு. அதைவிட, நூறு மின் மகிழுந்துகளுக்கும் நூறு மகிழுந்துகளுக்கு உரிய இடம் வேண்டுமே! புகையில்லா நெரிசலும் நெரிசல்தான். அதற்குள் சிக்கும் பேருந்தும் நோயாளி வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு சாரார், 'சாலையை அகலப்படுத்து, மேம்பாலம் கட்டு' என்பர். நம் நாட்டில் இவர்களே பெரும்பான்மையர். பணமும் இவர்கள் பக்கமே பாய்கிறது. மதுரை நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் 2023-இல் திறக்கப்பெற்றது. அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் மேம்பாலத்தின் மீது நடப்பவர் யார்? மிதிவண்டியில் ஏறுபவர் யார்? நெரிசலைக் குறைக்கச் சாலையை அகலப்படுத்துவோர், அகன்ற சாலை புதிய வண்டிகளை வருந்தி அழைக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர். நேற்றுவரை பேருந்தில் போனவர், வழி அகலமாயிற்றே என்று இன்று வண்டி வாங்குகிறார். அமெரிக்க நாட்டு ஊசுட்டன் நகரில் ஒரு விரைவுச்சாலையை 2008-இல் உலகம் வியக்கும் அகலத்துக்கு விரித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அது மீண்டும் நெரிந்தது.

இதனை நமக்கு அமெரிக்காவா கற்பிக்க வேண்டும்? கண்மாய்ப் பாசனம் அறிந்தவரே! கண்மாயில் நீர் குறைவாய் நிற்கும் ஆண்டில் ஊர் என்ன செய்யும்? மடையை அகலமாய் வெட்டுமா? வெட்டினால் வலியவன் வயல் ஒருநாள் நிறையும். கடைமடைக்காரன் வாய் காயும். ஆகையால் ஊர் கூடி முறை வைக்கும். இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்று அளக்கும். முறையைக் காக்க நீர் பாய்ச்சும் ஆளை அமர்த்தும். முறை தப்பித் திறந்தவனுக்குத் தண்டம் போடும். நீர் ஒன்றுதான், ஆள் பலர், அளவோ சிறிது என்னும்பொழுது அறிவுள்ள ஊர் கண்ட வழி அது. நகரத்துச் சாலையும் அத்தகையதே. இருபுறமும் வீடும் கடையும் நிற்கச் சாலை ஒரு முழமும் வளராது. உள்ளதை முறை வைத்துப் பகிர்வதே வழி. பகிர்வது எனில், கடைமடைக்கு முதலில். கடைமடை யார்? நடப்பவரும் மிதிவண்டியரும் பேருந்தில் செல்பவரும்.

இம்முறையைத் துணிந்து வைத்த நாடுகள் உண்டு. நம் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் வீற்றிருக்கும் சிங்கப்பூர், 1975 சூனிலேயே நகரின் நடுப்பகுதிக்குள் காலை நெரிசல் வேளையில் நுழையும் மகிழுந்துக்கு ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி என்று கட்டணம் விதித்தது. ஒரு நுணுக்கத்தைப் பாருங்கள்: நால்வர் ஏறி வந்த மகிழுந்துக்குக் கட்டணமில்லை. அதாவது வண்டியை எண்ணாமல் ஆளை எண்ணினார்கள்! 1990-இல் மகிழுந்துகளின் மொத்தத் தொகைக்கே வரம்பு கட்டினார்கள். அதே வேளையில் பேருந்தையும் தொடர்வண்டியையும் எல்லாரும் விரும்பி ஏறுமாறு அமைத்தார்கள். ஒரு வாயிலை அடைத்தவர் மற்றொரு வாயிலைத் திறந்தும் வைத்தனர் என்பதே அதன் வெற்றி. இலண்டனும் 2003-இல் நெரிசற் கட்டணம் விதித்தது. 2019 முதல் புகை மிக்க உந்துகளுக்குத் தனிக் கட்டணம் வைத்தது. 2023 ஆகத்தில் அதனை மாநகரம் முழுமைக்கும் விரித்தது. எதிர்ப்பு எழாமல் இல்லை. எளியவன் பழைய வண்டி வைத்திருக்கிறானே, அவனை வருத்தலாமா என்றார்கள். நேரிய வினா அது. அதற்கு விடை, பேருந்து நன்றாய் உள்ள இடத்தில்தான் கட்டணம் விதிக்கும் தகுதி அரசுக்கு உண்டு என்பதே.

தென்கொரியத் தலைநகரான சியோலில் நடந்தது கேட்டால் நீங்கள் மகிழ்வீர்கள். ஊர் நடுவே ஓடிய ஓடையொன்றை மூடி, அதன் மேல் தூண் நிறுத்தி விரைவுச்சாலை கட்டியிருந்தனர். 2003-இல் அப்பாலத்தை இடிக்கத் தொடங்கினர். நகரமே நெரிந்து முடங்கும் என்று அஞ்சியவர் பலர். நகரப் பேருந்துகளை 2004-இல் ஒழுங்குபடுத்தி அமைத்தனர். 2005-இல் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டனர். நகரம் முடங்கவில்லை. இன்று அவ்வோடைக்கரையில் மக்கள் கால் நனைத்து அமர்ந்திருக்கின்றனர். கிருதுமாலை நினைந்து நான் பெருமூச்சு விடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறை வைக்க முயன்று தோற்ற இடமும் சொல்ல வேண்டும். தில்லியில் 2008-இல் ஒரு சாலையின் நடுவே பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கினார்கள். அத்தடத்தில் சென்ற பேருந்து மக்கள் விரைந்தனர். பக்கத்தில் நின்ற மகிழுந்துக்காரர் கொதித்தனர். எண்ணிக்கையில் மிகுந்தவர் பேருந்தில் இருந்தனர். குரலில் மிகுந்தவர் மகிழுந்தில் இருந்தனர். 2016-இல் அத்தடத்தையே அகற்றிவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மதுரைக்குப் போனவர் யாவரும் கண்டிருப்பீர்கள்: கோயிலைச் சுற்றிய நான்கு சித்திரை வீதிகளிலும் உந்துகள் நுழைவதில்லை. குழந்தை கையை உதறிவிட்டு ஓடினாலும் தாய் பதறுவதில்லை. முதியவர் நடுத்தெருவில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். அங்குக் கடைகள் வணிகமின்றி மூடிக் கிடக்கின்றனவா? இல்லை. வண்டி வராவிட்டால் வணிகம் அழியும் என்னும் கூற்றுக்கு அவ்வீதிகளே மறுப்பு. ஆனால் இரண்டு தெரு தள்ளி மாசி வீதிக்கு வந்தால் மூச்சு முட்டுகிறது. தேர் ஓடும் அகலமுள்ள அவ்வீதிகளில் ஓரம் முழுவதும் வண்டிகள் வாடகையின்றிக் குடியிருக்கின்றன. ஓர் எளியவன் அங்கே நான்கு முழ இடத்தில் கடை விரித்தால் ஆக்கிரமிப்பு என்று பெயர். ஒரு செல்வர் பன்னிரண்டு முழ வண்டியைக் காலை முதல் மாலை வரை நிறுத்தினால் அதற்குப் பெயரில்லை!

சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் நடப்போர்க்கும் மிதிவண்டியர்க்கும் செலவிடுவதென எழுதியது. எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை. ஆயினும் 2019 நவம்பரில் தியாகராய நகரில் பாண்டி பசார் என வழங்கும் தெருவில் நடைவழியை அகலமாக்கி, வண்டிக்குரிய இடத்தைக் குறைத்துத் திறந்தார்கள். அவ்வங்காடி தாங்கும் பெயர் யாருடையது என்பதை இவ்விடத்தில் சொல்லியே தீர வேண்டும். ஏனெனில் அது நம் மாவட்டத்துக் கதை. சவுந்தரபாண்டியனார் அங்காடி என்பதே அதன் பெயர். நீதிக்கட்சித் தலைவருள் ஒருவரான பட்டிவீரன்பட்டி சவுந்தரபாண்டியனார், சில்லா போர்டு என அக்காலத்தார் வழங்கிய இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராய் இருந்தவர். விருதுநகர் மாவட்டம் 1985-இல் பிரிந்தது. அதற்கு முன் வீரசோழனும் அருப்புக்கோட்டையும் அந்த இராமநாதபுரத்தையே சேர்ந்தவை. அக்காலத்தில் தனியார் பேருந்துகளில் ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் கொடுமை இருந்தது. அவ்வாறு மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டவர் அவர். இந்தச் சாலைகளில் பேருந்தில் யார் ஏறலாம் என்பதே ஒரு போராட்டமாய் இருந்தது! பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து செல்வது வெறும் வழிப்போக்கு அன்று, குமுகாய ஒப்புரவு. அதைக் கைவிட்டு ஆளுக்கொரு வண்டி என்று பிரிந்து போவதை முன்னேற்றம் என்று எண்ண என்னால் இயலவில்லை.

1972-இல் தமிழ்நாட்டரசு பேருந்துக் கழகங்களை அமைத்து அவற்றுக்குப் பாண்டியன், சேரன், சோழன், பல்லவன் என்று பெயரிட்டது. அப்பெயர்கள் 1997-இல் மறைந்தன. ஆனால் சிற்றூர்க்கும் பேருந்து விடுவதென்னும் அடிப்படை நின்றது. 'பேருந்து' என்னும் சொல்லும் அவ்வழியே நாட்டில் நிலைத்தது. பாமரர் வாயில் புதுச்சொல் நுழையாது என்று நம்மை எள்ளியவர்க்கு அச்சொல் ஊர் ஊராய்ப் போய் விடை சொல்லிற்று. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதனை ஈகை என்று பேசுவோர் உளர். நான் அதனைக் காற்றுக்குச் செய்த மருத்துவம் என்றும் சொல்வேன். பேருந்தில் ஏறிய ஒவ்வொருவரும் சாலையில் இறங்காத ஒரு வண்டி.

இத்தகைய பேருந்தை ஊருக்கு வெளியே தள்ளுவதை நெரிசல் தீர்க்கும் வழி என்று கருதுவது தலைகீழ்ப் பாடம். சென்னைக்குப் போகும் நம்மவர் இப்பொழுது கிளாம்பாக்கத்தில் இறங்குகின்றனர். 2023 திசம்பரில் அந்நிலையம் திறந்தபொழுது அருகில் தொடர்வண்டி நிலையம் இல்லை. நள்ளிரவிலும் விடியலிலும் மூட்டையோடும் குழந்தையோடும் இறங்கியவர் நகருக்குள் செல்லத் தானிக்கும் வாடகை உந்துக்கும் ஓட நேர்ந்தது. ஒரு பேருந்தை வெளியே நிறுத்தி அதற்கு மாற்றாக இருபது சிறு உந்துகளை உள்ளே விடுவது எந்தக் கணக்கில் நெரிசற்குறைப்பு ஆகும்? தொடர்வண்டியை முதலில் அமைத்துவிட்டு நிலையத்தைப் பின்னர்த் திறந்திருக்க வேண்டும்.

மிதிவண்டியைப் பற்றிப் பேசாமல் அமர மாட்டேன். 1990-களின் தொடக்கத்தில், நம்மைப் போலவே வறண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் ஊடாக, மாவட்ட ஆட்சியராயிருந்த சீலா இராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல் உடைப்பவரும் களை எடுப்பவரும் அதில் இருந்தனர். முதலில் சிரித்த ஆடவர் பின்னர் வாயடைத்தனர். பேருந்துக்காகக் காத்து வீணாகும் நேரம் அப்பெண்களுக்கு மீண்டது. யாரையும் கெஞ்சாமல் போய்வரும் உரிமை கிட்டியது. இன்று பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி தருகிறது. என் மாணவர் அதில் வருவதைக் காணும்பொழுது நெஞ்சு குளிரும். ஆனால் பள்ளி முடிந்த மறு ஆண்டே அவன் ஈருருளி உந்து கேட்கிறான். தந்தை கடன்பட்டு வாங்குகிறார். மிதிவண்டி சிறுவர்க்கு, எரிநெய் உந்து ஆண்மகனுக்கு என்னும் இழிந்த மதிப்பை யார் அவனுக்கு ஊட்டினார்? திரைப்படம் ஊட்டிற்று, விளம்பரம் ஊட்டிற்று, நாமும் ஊட்டினோம். உந்து வைத்திருப்போரை நான் இகழவில்லை. இரவில் நோயாளியை அழைத்துச் செல்லவும், பேருந்து எட்டாத ஊரிலிருந்து ஆலைக்குப் போகவும் அது வேண்டும். தெருமுனைக் கடையில் உப்பு வாங்கவும் அது வேண்டுமா?

இறுதியாக அருப்புக்கோட்டை. அது மதுரையாகிவிடவில்லை; ஆகிவிடும் வழியில் உள்ளது. நூற்பாலையும் தறியும் உள்ள ஊர் ஆதலால் பஞ்சுத்தூளை நெடுங்காலம் உட்கொண்ட நுரையீரல்கள் அங்கு உள்ளன. அவற்றின் மேல் உந்துப் புகையையும் ஏற்ற வேண்டுமா? நகரம் நோயுற்றபின் கோடி கோடியாய்ச் செலவிட்டுத் தீர்ப்பதை, இன்றே சிறு செலவில் தடுக்கலாம். காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையும், மாலை பள்ளி விடும் வேளையிலும், பள்ளிவாயில் தெருக்களில் உந்துகள் நுழையாமல் நிறுத்தலாம். பிள்ளைகளை இறக்கிவிட வரும் உந்துகள் அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்பதுவே அவ்வேளையில் பெருங்கேடு. கடைத்தெருவில் சரக்கிறக்கும் சரக்குந்துகளுக்கு இரவும் விடியலும் மட்டும் என்று வேளை குறிக்கலாம். நிறுத்தும் வண்டிக்கு இடவாடகை வாங்கி, அப்பணத்தில் நடைவழி கட்டலாம். நம் சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கும் ஆலைக்கும் செல்லும் வேளைக்கு ஒட்டிய பேருந்துகளைக் கூட்டலாம். பேருந்து வேளைக்கு வந்தால் பாதிப்பேர் வண்டி வாங்கக் கடன்பட மாட்டார்கள்.

இந்நான்கையும் வேண்டி ஒரு மடல் எழுதி மேசைமேல் வைத்துள்ளோம். உரிய அலுவலகங்களுக்கு அடுத்த கிழமை நாங்கள் ஐவர் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். பதில் வராவிட்டால் அடுத்த திங்களும் போவோம். படித்துப் பார்த்து, ஒப்புதல் உள்ளவர் கையொப்பமிடுங்கள். தாய்மார்கள் முதலில் வரலாம். மாணவர்கள் பெயரும் வகுப்பும் எழுதினால் போதும். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுங்கள்.